‘வில்லை’ காணாமற்போனது குறித்து மாப்பிள்ளைக்கு

ஏற்காடு,
5-2-1996.

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களின் திருச்சமூகத்திற்கு, மாமியார் அத்தாயி பணிவன்புடன் வரைந்துகொள்வது.

இவ்விடம் நானும் மளிகைக் கடையும் நலம். அவ்விடம் தங்கள் நலமும், மகள் பார்வதியின் நலமும், பேரனின் பல்வலி தணிந்த செய்தியும் அறிய ஆவல். ஆட்டம் முடிந்த அன்றே எழுதவேண்டிய இக்கடிதம் ஒன்பது நாள் தாமதித்தமைக்கு மன்னிக்க வேண்டுகிறேன். சோம்பல் காரணமன்று. நான்கு முறை எழுதி, நான்கு முறையும் ஒற்றுப்பிழை கண்டு கிழித்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பொட்டலம் மடிக்க வந்த பழைய தாள்களைப் படித்தே தமிழ் கற்றவள் நான். மாவட்டத்தின் சாஃப்ட்பால் நடுவர்களுக்கெல்லாம் பயிற்சியளிக்கும் தங்கள் கைக்குப் பிழையுள்ள தாள் வரலாகாது.

டிசம்பரில் சேலத்தில் தாங்கள் நடத்திய நடுவர் பயிற்சியில் நான் தேறியது முறையன்று என்பதை முதற்கண் ஒப்புக்கொள்கிறேன். விதிப்புத்தகம் முழுவதும் மனப்பாடம். எழுத்துத் தேர்வில் தொண்ணூற்றாறு. ஆனால் ஒவ்வொருவராகத் தங்கள் முகத்துக்கு நேரே நின்று “அவுட்” என்று கத்திக் காட்டவேண்டிய வேளையில், “இன்னுங் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கத்தை” என்று தாங்கள் மூன்று தடவை கேட்டீர்கள். மாப்பிள்ளை எதிரில் உட்காரவே கூசும் குடும்பத்தில் பிறந்தவள் எப்படிக் கத்துவேன்? முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு முனகினேன். “சரிங்கத்தை, ஊருக்குப் போயிக் கத்திப் பழகிக்குங்க” என்று தாங்களும் கையெழுத்திட்டுவிட்டீர்கள். அந்தத் தயவுதான் இன்று நாகலூர்ப் பிள்ளைகளின் தலையில் விடிந்திருக்கிறது.

சென்ற இருபத்தேழாம் தேதி ஏற்காட்டுப் பெண்கள் அணிக்கும் நாகலூர் எஸ்டேட் பெண்கள் அணிக்கும் ஆட்டம். வென்ற அணி மட்டுமே பன்னிரண்டாம் தேதி சேலத்தில் மாவட்டத் தேர்வுக்குப் போகலாம் என்பது தாங்கள் அறிந்ததே. ஓடுபவர்கள் கால் வைக்கும் பேஸ் அருகே நிற்கவேண்டிய இரண்டாம் நடுவர், குப்பனூர் வழியில் பனிமூட்டம் என்று ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போய்விட்டதாகச் சொல்லியனுப்பினார்; ஆகவே நான் ஒருத்தியே முகக்கவசம் மாட்டிக் கேட்சருக்குப் பின்னால் நின்றேன். ஏற்காட்டுப் பெண் வீசிய முதல் நான்கு பந்துகளும் மட்டைக்கு எட்டாமற் போகவே, தாங்கள் கற்பித்தபடி தவறிய வீச்சுகளை ஆங்கில முறையில் பால் ஒன்று, பால் இரண்டு என எண்ணி, “பால் நாலு” என்று முடித்தேன். என் முதுகுக்குப் பின்னால் டீக்கடை போட்டிருந்த மூக்கன் தட்டில் நான்கு டம்ளரை ஏந்தி மைதானத்துக்குள் வந்துவிட்டான். “ஏனுங்கம்மா, நாலு பாலும் சக்கரை போட்டே கொண்டாந்துட்டனுங்க. ஆருக்குங்க?” பந்து வீசியவள் ஒன்றை வாங்கிக் குடித்தே விட்டாள். பத்து நிமிடம் ஆட்டம் நின்றது. இனி ஆங்கிலமே ஆகாது என்று தீர்மானித்து, அதன்பின் எல்லாத் தீர்ப்பையும் நற்றமிழில் முழு வாக்கியமாகவே வழங்கினேன். “தாங்கள் ஆட்டமிழந்துவிட்டீர்கள் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்” என்று நான் முடிப்பதற்குள், இழந்தவள் அடுத்த பேஸைத் தாண்டிப் போயிருப்பாள்.

கடைசிச் சுற்றில் நாகலூர் ஓர் ஓட்டம் பின்தங்கியிருந்தது. இரண்டு பேர் அவுட். மூன்றாம் பேஸிலிருந்து கண்ணாயி என்ற பெண் ஓடிவந்தாள். அவள் ஹோம் பிளேட்டைத் தொட்டால் சமன், ஆட்டம் தொடரும். மூன்றாவதாக அவளும் அவுட்டானால் நாகலூர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். பந்து வந்து சேருமுன் அவள் கால் பிளேட்டில் பட்டதை என் இரு கண்ணாலும் கண்டேன். “தாங்கள் ஆட்டமிழக்கவில்லை” என்று சொல்லவே வாய் திறந்தேன். “ஆட்டமிழக்க” வரை வந்தது. வளைவில் திரும்பிய சேலம் பஸ் நீட்டி ஹாரன் அடிக்க, “வில்லை” முகக்கவசத்துக்குள்ளேயே நின்றுபோயிற்று. தமிழைக் குறை சொல்லேன். ஆயினும் மறுப்பைக் கடைசியில் வைக்கும் மொழியில், ஹாரனுக்கு முன் தீர்ப்புச் சொல்வது ஆபத்து.

ஏற்காட்டுக்காரர்கள் குதித்துக்கொண்டு மைதானத்துக்குள் புகுந்தார்கள். நாகலூர்ப் பிள்ளைகளைப் பழக்கும் எஸ்டேட் ரைட்டர் காளியண்ணன் எகிறிக்கொண்டு வந்தார். “ஏனுங்கம்மா, புள்ள வந்து தொட்டு மூச்சு வாங்கி நிக்குது, அதுக்கப்புறமா பந்து வருது. இதுல அவுட்டுன்னா என்னங்க நாயம்?” நான் பதில் சொல்லுமுன் ஏற்காட்டுத் தாய் ஒருத்தி குறுக்கே பாய்ந்தாள். “அம்மா சொன்னாச் சொன்னதுதானுங்க! அவங்க நொம்பப் படிச்சவங்க!” மாப்பிள்ளை அவர்களே, என்னைப் பார்த்து ஒருவர் ‘படிச்சவங்க’ என்றது அதுவே முதல் தடவை. அந்த ஒரு சொல்லுக்காக வாயை மூடிக்கொண்டேன்.

அன்று முதல் நாகலூர்க்காரர் எவர் கடைப்படி ஏறினாலும் பருப்பு மூட்டைக்குப் பின்னால் ஒளிகிறேன். மிளகாய் கேட்டவருக்கு மல்லி கட்டிக் கொடுக்கிறேன். ஆகவே இந்நடுவர் பதவியை இன்றே துறக்கிறேன். அடையாள அட்டை இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. உண்மையைத் தாங்களே தக்கவாறு சபையில் எடுத்துரைக்க வேண்டுகிறேன். என் வாயால் இயலாது. பார்வதியிடம் இக்கடிதத்தைக் காட்டவேண்டாம்.

சேர்வராயன் சாமி அருளால் தங்கள் குடும்பம் குறைவின்றித் தழைக்கட்டும்.

இங்ஙனம்,
தங்கள் நலம் நாடும்
அத்தாயி.

பி.கு.: இதை உறையிலிட்டுத் தபாலாபீசுக்குப் போகையில், பஸ் நிலையத்தில் கண்ணாயி எதிரே வந்துவிட்டாள். ஒளிவதற்கு அங்கே மூட்டை எதுவும் இல்லை. “ஏனுங்கம்மா, நெசமாலுமே நான் அவுட்டுங்களா? நீங்க சொன்னா ஒத்துக்கறனுங்க” என்றாள். “இல்லை!” என்றேன். நாகலூர் பஸ் கண்டக்டர் படியிலிருந்து எட்டிப் பார்த்து, “சீட்டு இல்லைன்னு ஆருங்க சொன்னது? ஏறுங்கம்மா” என்றார். பஸ்ஸுக்குள் இருந்த காளியண்ணன் இறங்கியே வந்தார். கடைத்தெருவிலிருந்த ஏற்காட்டுத் தாய்மாரும் கூடிவிட்டனர். எல்லார் முன்னும் ஹாரன் உட்பட அனைத்தையும் சொன்னேன். “இதை அன்னிக்கே சொல்றதுக்கென்னங்க?” என்று காளியண்ணன் கேட்டார். “சொன்னனுங்க. பாதி சொன்னனுங்க” என்றேன். அன்று என்னைப் படித்தவள் என்ற ஏற்காட்டுத் தாய் இப்போது கேட்ட கேள்விகள் எழுத்தில் வடிக்கத் தக்கன அல்ல. முடிவில், கண்ணாயி தொட்டது செல்லும், பத்தாம் தேதி சமனிலிருந்து ஆட்டம் தொடரும் என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டன. வேறு நடுவர் பேச்சை எடுத்தேன். “இந்தம்மாவே நிக்கட்டுமுங்க. இனிமே வாயத் தொறந்தா முழுசாத்தான் மூடுவாங்க” என்றார் காளியண்ணன். எனவே மேற்கண்ட ராஜிநாமாவை எழுதப்படாததாகவே கருதவும். அட்டையை உறையிலிருந்து எடுத்துவிட்டேன். இரண்டாம் நடுவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். யார் வருகிறார் என்று உடனே பதில் போடவும்.