என் மகனைச் சிட்டிசன் ஆகாமல் தடுத்த கதை

என் மகன் ஆஸ்திரேலியப் பிரஜையாவதைத் தடுத்தே தீருவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பல் தேய்க்கும்போது முடிவெடுத்தேன். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் எண்பது பேரை மேய்க்கிறவன் நான். பெற்ற பிள்ளை ஒருத்தனை மேய்க்க முடியாதா?

தயாளன் மெல்போர்னுக்குப் படிக்கப் போனான். படித்தான். அங்கேயே வேலையும் கிடைத்தது. மீஞ்சூர்ப் பெண் பத்மஜாவைக் கட்டிவைத்தோம். அவளையும் அழைத்துக்கொண்டு போனான். இப்போது குடியுரிமைக்கு மனுப் போடப் போகிறானாம். அப்புறம் நம் வீட்டுக்கே விசா வாங்கிக்கொண்டுதான் வருவான். ஒரே பிள்ளை. எனக்கு வயிறு எரிந்தது.

விசாரித்தேன். மனுப் போடுகிறவன் அதற்கு முன் அந்த நாட்டிலேயே இருந்திருக்க வேண்டுமாம். மாதக்கணக்கில் இங்கே வந்து உட்கார்ந்தால் எல்லாம் தள்ளிப்போகுமாம். அந்த நேரம் பார்த்து, பத்மஜா முழுகாமல் இருக்கிறாள் என்று போன் வந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்தது. கூடவே திட்டமும் வந்தது. மனைவி கெங்கம்மாளைக் கூப்பிட்டேன்.

"கெங்கா, தலைப்பிரசவம் தாய் ஊட்லதான் நடக்கணும். ரெண்டு பேரையும் கெளம்பி வரச்சொல்லு."

"அவனுக்கு வேலை கீதுங்க."

"பொண்டாட்டி புள்ளைய உட வேலை பெருசா? சம்பந்தியம்மாகிட்ட நானே பேசறேன்."

அவளையும் கூட்டிக்கொண்டு மீஞ்சூருக்கே போய் முழங்கினேன். பெற்றவள் கை படாமல் பிரசவமா, ஊர் சிரிக்காதா என்றேன். சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் கெங்கம்மாள் தலையாட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் எனக்குத் தலையாட்டியது அன்றைக்குத்தான். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஏழாம் மாதம் ஒருநாள், ஷிப்டு முடிந்து வந்தால் கூடத்தில் இரண்டு பெரிய பெட்டிகள்.

"வந்துட்டாங்களா?" என்று கத்தினேன்.

"யாரு?"

"தயாளனும் மருமவளும்!"

"அவங்க எதுக்கு வரணும்? பெத்தவ கை படணும்னு நீங்கதான சொன்னீங்க? அதான் பெத்தவள அனுப்பறோம். சம்பந்தியம்மாவுக்கு விசா வந்துட்ச்சு."

"அப்போ இந்த ரெண்டாவது பொட்டி?"

"என்து. அவங்களுக்கு இங்கிலீசு வராதுங்க. தனியா எப்டி போவாங்க?"

"உனக்கு வருமா?"

"வராது. அதான் ரெண்டு பேரா போறோம்."

"தயாளன் மனு?"

"அசையாம அங்கயே கீறான். சீக்கிரம் போடறானாம். அவன் சிட்டிசன் ஆவறதையும் பாத்துட்டே வந்துடறேன்."

நான் அந்த இரண்டாவது பெட்டியின் மேலேயே உட்கார்ந்தேன்.

"எனக்குச் சோறு?"

"சம்பந்திக்கும் அதே கஷ்டம்தான். ஏற்பாடு பண்ணிட்டேன், பேஜாராவாதீங்க."

அவர்கள் விமானம் ஏறிய மறுநாள் காலை, மின்சார ரயிலில் பத்மஜாவின் அப்பா வந்து இறங்கினார். செருப்பைக் கழற்றியதும், "சம்பந்தி, நாஷ்டா இன்னா?" என்றார்.

என் திட்டம் பலித்துவிட்டது. வெளியூரிலிருந்து ஒருவர் வந்து வீட்டோடு தங்கிவிட்டார். என்ன, அவர் மீஞ்சூர்க்காரர்.