வாளி வராத சனிக்கிழமைகள்

ரொய்ட்லிங்கன்,
நவம்பர் நடுவில்

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய இளையவள் ரோஸ்விட்டாவுக்கு, உடன்பிறந்த மூத்தவன் ஓட்மார் எழுதுவது. நான் நலம், முழங்கால் நலமில்லை. உன் நலத்தையும், உன் பூனையின் நலத்தையும், ஹாம்பர்க்கில் ஓயாது பெய்யும் மழையின் நலத்தையும் அறிய விழைகிறேன்.

என் துணைவி லோரே மறைந்த நாள்முதல், "அண்ணே, ஒத்தையில கெடந்து என்ன பண்ணப்போறே, இங்க வந்துடு" என்று தொலைபேசியில் முழங்கி வருகிறாய். தொழிலாளர் மேடைகளில் முதலாளிகளுக்கெல்லாம் மறுமொழி சொன்ன நாவு, உனக்கு மட்டும் சொல்லாமல் நழுவியது. இன்று சொல்கிறது: வருகிறேன். வீட்டையும் விற்கப் போகிறேன். மாடியறையை ஒழித்து வை. என்னை இம்முடிவுக்குத் தள்ளியது முதுமையன்று, நோயன்று, உதிர்ந்த இலை.

என் மேப்பிள் மரத்தை நீ அறிவாய். நிற்பது என் மண்ணில். உதிர்ப்பது பக்கத்து வீட்டு ஹேபர்லே அம்மையாரின் முற்றத்தில். சனிக்கிழமை முற்றம் பெருக்காத ஒருவரை இவ்வூர் மனிதராகவே மதிக்காது. அம்மையார் பெருக்குவார், என் மரத்து இலைகளை மட்டும் தனியே பிரித்துத் தகர வாளியில் அமுக்கி, என் வாயில்மணியை அழுத்துவார். "இந்தாங்க, கைஸ்லர். உங்களோடது." நான் விடுவேனா? என் புல்தரையில் விழுந்த அவருடைய செர்ரி இலைகளைப் பொறுக்கி அதே வாளியில் நிரப்பி, இயற்கைக்கு வேலி உண்டோ என்று ஓர் உரையும் நிகழ்த்தித் திருப்பித் தருவேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, "முடிஞ்சுதா? அடுப்புல உருளைக்கிழங்கு வேகுது" என்பார். சன்னலுக்குப் பின்னால் லோரே வயிறு குலுங்கச் சிரிப்பாள். அவள் போனபின் சிரிக்க ஆளில்லை. வாளி மட்டும் தவறாமல் வந்தது.

இவ்வாண்டு எனக்கோர் எண்ணம் உதித்தது: இலைகளை நகராட்சி வண்டிக்கு ஏன் தாரைவார்க்க வேண்டும், வீட்டிலேயே மக்கவைத்தால் என்ன? முதலில் ஈர இலைகளை மழைநீர்ப் பீப்பாயில் திணித்து இறுக மூடினேன். திறந்த அன்று எழுந்த நாற்றத்தில் அஞ்சல்காரர் தெருவின் எதிர்ப்புறம் கடந்து போய்விட்டார். இலைகளை நறுக்கினால் விரைவில் மக்கும் என்று கேள்விப்பட்டு, புல்வெட்டும் எந்திரத்தை அவற்றின்மீது ஓட்டினேன், பின்னால் பையை மாட்ட மறந்துபோய், அத்தனை தூளும் எழுந்து வேலி தாண்டி அம்மையார் உலர்த்தியிருந்த வெள்ளைப் போர்வைகளில் போய் ஒட்டிக்கொண்டது, அவர் ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, "உங்க புரட்சியெல்லாம் என் போர்வையிலதான் நடக்கணுமா?" என்று கேட்டார். அதன்பின்தான் ஒழுங்காகக் கம்பிக் கூடு கட்டினேன். இலை ஓரடுக்கு, வெட்டிய புல் ஓரடுக்கு, மேலே சிறிது நீர். சில நாளில் ஆவி பறந்தது. கைவைத்தால் கதகதப்பு. இவ்வீட்டில் என்னைத் தவிர இன்னொன்றும் சூடாக இருந்தது, ரோஸ்விட்டா.

அங்கேதான் அறிவு கெட்டேன். போர்வைக் குற்றத்துக்கு ஈடாக, கூட்டை வேலியோரம் நகர்த்தி, அம்மையார் பக்கம் ஒரு கதவும் வைத்தேன். "இனி வாளியத் தூக்கிட்டு அலைய வேணாம். இப்படியே கொட்டிடுங்க" என்றேன்.

அவர் கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்போ மணி அடிக்க வேணாமா?"

"தேவையே இல்ல."

"சரி. நல்ல ஏற்பாடுதான்."

அந்தச் சனிக்கிழமை சட்டை மாற்றி, உரையும் ஆயத்தமாக, கூடத்தில் அமர்ந்திருந்தேன். துடைப்ப ஒலி கேட்டது. இலை கொட்டும் ஒலி கேட்டது. அவர் வீட்டுக் கதவு சாத்தும் ஒலி கேட்டது. அவ்வளவே. அடுத்த வாரமும் அப்படியே. மணி பழுதோ என்று வெளியே போய் நானே அழுத்திப் பார்த்தேன். பழுதில்லை. உரை வீணாகலாகாதென்று குவியலின்முன் நின்று நிகழ்த்தினேன். அது கைதட்டவில்லை, சற்று அமிழ்ந்தது.

கதவை அடைத்துவிட்டால் என்ன என்பாய். நல்ல ஏற்பாட்டைக் காரணமின்றிக் கலைப்பவனை இவ்வூர் பித்தன் என்னும். பேச ஆளில்லை என்பது இவ்வூரில் காரணமாகாது.

ஆகவே நாளை கூட்டைப் பிரித்து, மக்கியதை லோரேயின் ரோசாச் செடிகளுக்கு இட்டுவிட்டு, கிறிஸ்துமசுக்கு முன்வரும் அட்வெண்டின் முதல் மெழுகுவர்த்தியை நீ ஏற்றுமுன் உன் வாயிலில் நிற்பேன். உன் கூரை ஒழுகாதிருக்க, உன் அடுப்பு அணையாதிருக்க, உன் பூனை என்னைப் பொறுத்தருள வாழ்த்தும்,

மூத்தவன்
ஓட்மார் கைஸ்லர்

பின்குறிப்பு: மடலை அஞ்சலில் சேர்க்குமுன் கூட்டைப் பிரிக்கப் போனேன். இலைகளை விலக்கினால், அடியில் பந்தாய்ச் சுருண்டு ஒரு முள்ளெலி, குளிர்கால உறக்கத்தில். இளவேனில்வரை அதை எழுப்பக்கூடாது. எழுப்பினால் இவ்வூர் என்னை மன்னிக்காது. உடனே ஓடி அம்மையார் வீட்டு மணியை அழுத்தினேன். அவர் வந்து குனிந்து நெடுநேரம் பார்த்தார். "தூங்கட்டும். அந்தக் கதவ அடைச்சிடுங்க" என்றார். பிறகு, "அப்போ எலைய என்ன பண்றது?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

இன்று சனிக்கிழமை. மணி அடித்தது. தகர வாளி. "இந்தாங்க, கைஸ்லர். உங்களோடது." மேலாக நாலைந்து மேப்பிள் இலை, அடியெல்லாம் அவருடைய செர்ரி இலை.

வீட்டை விற்கவில்லை. மாடியறையைப் பூனைக்கே விட்டுவிடு. வாளியைத் திருப்பித் தர வேண்டும். உரை இன்னும் ஆயத்தமாகவில்லை.