ஹென்றியோடு நான் ஓடிய பந்தயம்

என் வாழ்நாளில் ஒரே விண்ணப்பப் பாரத்தில் மூன்று பொய் எழுதியிருக்கிறேன். வேலைக்கான பாரம் என்றால்கூட மன்னித்துவிடலாம். ஒரு நாயைத் தத்தெடுக்க எழுதிக் கொடுத்த பாரம் அது.

இரண்டாயிரத்து மூன்றோ நாலோ. பர்மாவில், யாங்கூன் நகரத்தில் ஜோன் என்ற வெள்ளைக்கார மேடத்திடம் டைப்பிஸ்டாக இருந்தேன். அவர் வீட்டின் முன்னறைதான் அலுவலகம். அவரிடம் ஹென்றி என்ற கிரேஹவுண்ட் நாய் இருந்தது. வெளிநாட்டில் பந்தயத்தில் ஓடி, வேகம் குறைந்ததும் கழித்துவிடப்பட்ட நாய். அதை அவர் தத்தெடுத்து, போகும் ஊருக்கெல்லாம் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பந்தய நாய் என்றதும் நான் புயலை எதிர்பார்த்தேன். (பகலில் பாதி தூங்கும். மீதிப் பகல் தூங்க இடம் தேடும்.) நான் டைப் அடிக்கும்போது வந்து, மொத்த உடம்பையும் என் காலில் சாய்த்துக்கொண்டு நிற்கும். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

மேடம் ஊர் திரும்ப வேண்டிய நாள் வந்தது. ஹென்றியின் இதயம் விமானப் பயணத்தைத் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நகரத்துக்கு வெளியே மாவ்பியில் கோழிப்பண்ணை வைத்திருந்த ஒருவர், சங்கிலியில் கட்டிக் காவலுக்குப் போடத் தருவீர்களா என்று கேட்டனுப்பினார்.

"நான் எடுத்துக்கறேன் மேடம்" என்று என் வாய் முந்திக்கொண்டது.

மேடம் பாரத்தை நீட்டினார். நாய் வளர்த்த அனுபவம்? 'சிறு வயதிலிருந்தே.' (தெருநாயைக் கண்டால் எதிர்ப்பக்கம் போகிறவள் நான்.) வீட்டில் படிகள்? 'இல்லை.' பூனை? 'இல்லவே இல்லை.'

"ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்த்த பிறகுதான் முடிவு" என்றார்.

நகரத்தின் தாகேதா பகுதியில் எங்களுடையது கால் நட்டுக் கட்டிய மரவீடு. ஏறிப் போக எட்டுப் படி. படியை எங்கே ஒளித்துவைப்பது என்று எழுதும்போது யோசிக்கவில்லை. அம்மாவின் மூன்று பூனைகளை மட்டும் பக்கத்தில் மொஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் கடை போடும் டோ டின் அம்மாள் வீட்டில் அடைத்தோம்.

ஞாயிறு காலை மேடத்தோடு ஹென்றி வந்து இறங்கியது. அம்மா ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள்.

"ஏண்டி, எலும்பெல்லாம் எண்ணலாம் போல இருக்கு. ஆஸ்பத்திரியிலேருந்து தூக்கியாந்தியா?"

"இந்த ஜாதியே அப்படித்தாம்மா. சும்மா இரு."

ஹென்றி படியடியில் வந்து நின்றுவிட்டது. பந்தயக் கொட்டடியில் வளர்ந்ததால் அதற்குப் படி ஏறத் தெரியாது. மேடம் படியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அனுபவசாலி அல்லவா? ஹென்றியின் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் கட்டிய புது லொன்ஜியோடு நாலு காலில் படியேறிக் காட்டினேன். மொஹிங்கா தின்ன வந்தவர்கள் கிண்ணத்தோடு எழுந்து நின்று பார்த்தார்கள்.

மூன்றாவது படியில் இருந்தபோது டோ டின் வீட்டு ஜன்னல் வழியாக எங்கள் வெள்ளைப் பூனை குதித்தது.

அடுத்து நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஹென்றி பூனையின் பின்னால் பாய்ந்த வேகத்தில் நான் படியிலிருந்து பறந்தேனாம். இரண்டு முக்காலியைத் தட்டிவிட்டு, நூடுல்ஸ் தட்டைத் தலையில் வாங்கிக்கொண்டு, வயிற்றால் தெருவை அளந்து, சாக்கடையில் போய் நின்றேனாம். பூனை மரத்தில் ஏறிவிட்டது. அன்றைய ஓட்டம் முடிந்ததென்று ஹென்றி என் முதுகின் மேலேயே படுத்துக்கொண்டது.

மேடம் ஓடிவந்தார். "பூனை இல்லை என்று எழுதியிருந்தாயே?"

"இது எங்க பூனையே இல்ல" என்று அம்மா பர்மியத்தில் அடித்துச் சொன்னாள். அதற்குள் மரத்திலிருந்து இறங்கிய பூனை அவள் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இனி மறைக்க என்ன இருக்கிறது? சாக்கடையில் கிடந்தபடியே மூன்று பொய்யையும் ஒப்புக்கொண்டு அழுதேன். ஹென்றி மாவ்பிக்குத்தான் போகப் போகிறது, என்னால்தான், என்று நினைத்தேன்.

மேடம் குனிந்து என் கையைப் பிடித்தார். கயிறு அறுத்த இடத்தில் தோல் உரிந்திருந்தது.

"ஏன் கயிற்றை விடவில்லை?"

"விட்டா பெரிய ரோட்டுக்கு ஓடிடும் மேடம். பஸ் வரும்."

அவர் ஹென்றியின் போர்வையை வண்டியிலிருந்து எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். "தரையில் படுத்தால் இவனுக்கு எலும்பு வலிக்கும். பூனைகள் பழகும்வரை வாய்க்கூடு போடுங்கள்" என்றார்.

ஹென்றி எங்களோடு நாலு வருஷம் இருந்தது. எலும்பைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, புண்ணியத்துக்காகத் தெருவே சோறு கொண்டுவந்தது. (ஒரே மாதத்தில் குண்டாகிவிட்டதென்று டாக்டர் என்னைத் திட்டினார்.) ஹென்றி படி ஏறக் கற்றுக்கொண்டது. இறங்க மட்டும் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை. தினமும் காலையில் நான்தான் தூக்கி இறக்கினேன். கடைசி மழைக்காலத்தில் அந்த வெள்ளைப் பூனை அதன் வயிற்றை ஒட்டித்தான் தூங்கியது.

ஹென்றி இருந்தபோதே என்னைப் பெண் பார்க்க வந்தவர்களை டோ டின் தன் கடையில் நிறுத்தி, மொஹிங்கா கொடுத்து, நாயோடு நான் சாக்கடையில் விழுந்த கதையையும் சொல்லி எச்சரித்தாராம்: "நல்லா யோசிச்சுக்குங்க. இந்தப் பொண்ணு ஏதாச்சும் ஒண்ணைப் பிடிச்சா சாக்கடை வரைக்கும் வரும், ஆனா விடாது."

மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் சிரிக்காமல், அந்த நாயைப் பார்க்கலாமா என்று கேட்டாராம். இன்றைக்கும் ரோட்டைக் கடக்கும்போதெல்லாம் அவர் தன் மணிக்கட்டை என்னிடம் நீட்டி, "பிடிச்சுக்கோ, பஸ் வருது" என்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். நான் தலையை நன்றாக நிமிர்த்திக்கொண்டு பிடித்துக்கொள்வேன்.