விதைச் சாமையும் ஒரு துருக்கி வினைச்சொல்லும்

ஒரு வேலையைச் சொன்னால் அதைத் தவிர மற்றதையெல்லாம் செய்பவன் நான். நாற்பத்திரண்டு வயதில், கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்துகொண்டு துருக்கி மொழி படிக்கக் கிளம்பியதும் அப்படித்தான். (ஏன் துருக்கி என்று என் மனைவி செல்வி இன்றைக்கும் கேட்கிறாள். பதில் இன்னும் தயாராகவில்லை.)

என்னைக் கிறுக்காக்கியது ஒரே ஒரு வினையமைப்பு. எதையாவது விடாமல் செய்துகொண்டே இருந்தால், துருக்கியர்கள் அந்தச் செயலோடு 'நிற்பது' என்ற வினையைச் சேர்த்துவிடுவார்கள். தின்றுகொண்டே இருக்கிறது என்பதற்கு 'யியிப் துருயோர்'. அதாவது, தின்று நிற்கிறது. மழை பெய்து நிற்கும், மனசு ஏங்கி நிற்கும். ஒரு வாரம் நானும் அதிலேயே நின்றேன்.

ஆன்லைன் ஆசிரியை அதற்குத் தேர்வு வைத்த ஞாயிற்றுக்கிழமை, வெள்ளிமலையில் செல்வியின் அண்ணன் வீட்டில் இருந்தோம். மச்சான் வீட்டுக்குப் பின்னால் பாறைமேல் விதைச் சாமையைக் காயப் போட்டிருந்தார். அந்த வருடம் விதைக்க அவரிடம் இருந்தது அவ்வளவுதான். சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பதும் அந்தப் பாறையில்தான்.

"மாப்ள, அங்கதான குந்திக்கினு இருக்கப் போற? ஆடு வந்தா வெரட்டு. வெதை அது."

"நான் பாத்துக்கறேன் மச்சான், நீங்க போங்க."

(பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதில் பொய்யே இல்லை.)

"கண்ணெதிரே விடாமல் நடப்பது எதையாவது சொல்லுங்கள்" என்று துருக்கியில் கேட்டார் ஆசிரியை. நிமிர்ந்தேன். நான்கு ஆடுகள், பாறை நிறைய சாமை! தெய்வமே அனுப்பிவைத்த உதாரணம். "கெச்சி யியிப் துருயோர்!" ஆடு தின்றுகொண்டே இருக்கிறது! கறுப்பாடு தின்றுகொண்டே இருக்கிறது, வெள்ளாட்டங்குட்டி தின்றுகொண்டே இருக்கிறது. விரட்டினால் உதாரணம் ஓடிவிடுமே! (தயங்கி நின்ற ஒரு குட்டியை நான் கைகாட்டி அழைத்ததாகச் செல்வி சொல்வது மட்டும் கட்டுக்கதை.)

"அய்யய்யோ, இன்னாங்க பண்ணிக்கினு கீறீங்க! எங்கண்ணன் வெதை போச்சே!"

யார் அது என்றார் ஆசிரியை. "என் மனைவி, கத்திக்கொண்டே இருக்கிறாள்" என்றேன், ஒரு பிழையும் இல்லாமல். முழு மதிப்பெண்.

மச்சான் வந்தார். மிச்சச் சாமையை ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, "பாதிக்கு மேல பூட்ச்சி மாப்ள" என்றார். அதற்குப் பதில் அவர் நாலு அறை விட்டிருக்கலாம்.

மறுநாள் காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக விதை கேட்கப் போனேன். சேதி எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. முதல் வீட்டக்கா படியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "ஆடு துன்னும்போது இன்னாமோ சொல்லிக்கினு இருந்தியாமே, அத்த சொல்லு. அப்பத்தான் போடுவேன்."

சொன்னேன். ஒரு படி விழுந்தது. அடுத்த வீட்டிலும் சொன்னேன். சில வீடுகளில் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு நிற்கவைத்து இரண்டாம் முறையும் சொல்லச் சொன்னார்கள். மாலைக்குள் பை நிறைந்தது. அந்த வாரமே மச்சான் விதைத்தும் விட்டார்.

இப்போதெல்லாம் அங்கே பாறையில் ஆடு ஏறினால் யாரும் கல்லெடுப்பதில்லை. "யியிப் துருயோர்!" என்று ஒரே ஒரு கத்தல், ஆடுகள் சிதறி ஓடுகின்றன.

"ஒன்னியவிட எங்க ஆட்டுக்குத்தான் மாப்ள துருக்கி நல்லா புரியுது" என்கிறார் மச்சான், ஒவ்வொரு விதைப்புக்கும் போன் போட்டு.