ஒன்பது பக்க ஒப்பந்தம்

எங்கள் ஊரில் ஒருவரும் கையெழுத்துப் போட முடியாத ஓர் ஒப்பந்தத்தை எழுதிவிடுவது என்று, பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் முடிவு செய்தேன். வெளியே மழையாக விழுவதா பனியாக விழுவதா என்று தெரியாமல் வானம் குழம்பிக்கொண்டிருந்தது. நான் குழம்பவில்லை.

காரணம் என் மனைவி இல்வா. வீட்டின் கீழறையில் பழைய சாமான் கடை திறக்கப்போகிறாள். காசு கொடுத்து வாங்கி விற்கிற கடை அல்ல. ஊரார் சாமானைக் கொண்டுவந்து ஒப்படைப்பார்கள். விற்றால் அவர்களுக்குப் பாதி, இவளுக்குப் பாதி. ஸ்வீடன் கடலோரத்து எங்கள் வெஸ்டர்விக்கில் தடுக்கி விழுந்தால் எழுபது வயதுக்காரர் மேல்தான் விழ வேண்டும். தாங்கள் செத்த பிறகு பிள்ளைகள் அலமாரியைத் திறந்து திட்டக் கூடாது என்று, உயிரோடு இருக்கும்போதே வீட்டைக் காலி செய்கிற ஜனங்கள். சாமானுக்குப் பஞ்சமே இல்லை. இடத்துக்குத்தான் பஞ்சம்.

ஏனென்றால் கீழறையில் என் படகு இருந்தது.

பாதிப் படகு. கனடாவில் பன்னிரண்டு வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஊர் திரும்பிய கையோடு ஆரம்பித்தது. அதற்கும் பதினோரு வருஷம் ஆகிவிட்டது. திரும்பி வந்தவனைப் பார்த்து, "இப்போ என்ன பண்றே?" என்று ஊர் கேட்கும். "படகு கட்டறேன்" என்பேன். அதற்கு மேல் ஒருவரும் கேட்க மாட்டார்கள். கடலோர ஊரில் அது கௌரவமான பதில். அந்த அறையை விட்டுப் படகு போய்விட்டால் நான் யார்? நாற்பத்தெட்டு வயதில், எதையும் கட்டாத ஓர் ஆள். இரவல் கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குளிரில் நிற்பதுபோல.

ஆகவே கடை திறக்கக் கூடாது. அதை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எழுத்தால் தடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

"ஒப்பந்தம் எழுதணும். வக்கீலைப் பாக்கணும்," என்றாள் இல்வா.

"வக்கீல் எதுக்கு? நான் எழுதறேன்."

"நீயா?"

"ஏன், எனக்கு வராதா?"

"ஆரம்பிக்க வரும். அது தெரியும்."

நான்கே நாளில் முடித்தேன். ஒன்பது பக்கம். விலையைக் கடைக்காரர் மட்டுமே தீர்மானிப்பார். ஒப்படைத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. அறுபது நாளில் விற்காத பொருள் கடைக்கே சொந்தம். விற்கலாம், கொடுக்கலாம், எரிக்கலாம். எந்தக் காரணத்துக்காகவும் திருப்பித் தரப்பட மாட்டாது. எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே ஒப்படைத்தவர்கள்மேல் பரிதாபமாக இருந்தது.

இல்வா காப்பி ஆறும்வரை படித்தாள்.

"கொடூரமா இருக்கு," என்றாள்.

"சட்டம்னா அப்படித்தான் இருக்கும்."

"சரி. ஆனா இதை எப்படி நிரப்பறதுன்னு யாருக்கும் புரியாது. மாதிரிக்கு ஒண்ணு நிரப்பிக் குடு. சுவத்துல ஒட்டறேன்."

ஏதாவது கற்பனைப் பெயரை எழுதியிருக்கலாம். மூக்குடைந்த தேநீர்க் கூஜா என்று எதையாவது எழுதியிருக்கலாம். ஆனால் நான் ஸ்வீடனில் வளர்ந்தவன். படிவத்தில் பொய் எழுத எங்கள் ஜனங்களுக்குக் கை வராது. பேனாவை எடுத்தால் உண்மை தானாக வழியும். பெயர்: சிக்ஸ்டன் லில்யேக்விஸ்ட். பிறந்த தேதி, முகவரி, எல்லாம் சரியாக. பொருள்? தலையை நிமிர்த்தினேன். எதிரே படகு. படகு என்று எழுதிவிட்டேன். கீழே கையெழுத்து, தேதி. இல்வா கடைக்காரர் என்ற இடத்தில் தானும் ஒரு கையெழுத்துப் போட்டாள். மாதிரி அழகாக இருந்தது.

மார்ச் முதல் தேதி கடை திறந்தது. முதல் ஆளாக வந்தவர் குன்போரி, தபால் நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்ற கிழவி. தள்ளுவண்டி நிறையப் பீங்கான். ஒன்பது பக்கத்தையும் நின்றுகொண்டே படித்தார். நான் மூலையில் நின்று அவர் முகம் சுருங்குவதற்காகக் காத்திருந்தேன்.

"என்னப்பா, என் பொருளை எரிப்பீங்கன்னு போட்டிருக்கு?"

"ஆமா," என்றேன், நம்பிக்கையோடு.

"என்ன ஆனாலும் திருப்பித் தர மாட்டீங்களா?"

"மாட்டோம். அழுதாலும் மாட்டோம்."

"மறுபடி என் வீட்டுக்கு வரவே வராது?"

"வராது."

"நிஜமாவா!" அவர் கண் கலங்கியது. "எங்க மாமியார் குடுத்தது. நாப்பது வருஷமா இதை எங்க தள்ளறதுன்னு தவிச்சேன். பேனாவைக் குடு."

மத்தியானத்துக்குள் வரிசை தெருமுனை வரை நின்றது. சாமானிடமிருந்து தப்பிக்க எங்கள் ஊர் இத்தனை வருஷமாக இப்படி ஒரு கொடூரத்துக்காகத்தான் ஏங்கியிருக்கிறது. அது எனக்குத் தெரியாமல் போயிற்று. நான் மாடிக்குப் போய்ச் சன்னலோரம் உட்கார்ந்தேன். கடல் சாம்பல் நிறத்தில் இருந்தது. வானமும். இரண்டுக்கும் நடுவே கோடு தெரியவில்லை.

மறுவாரம் தோர்கெல் வந்தார். பழைய படகுப் போக்குவரத்து மாலுமி. வந்தவர் கீழறையில் படகைத் தட்டிப் பார்ப்பது கேட்டு ஓடினேன். படகின் மூக்கில் விலைச்சீட்டு தொங்கியது.

"இல்வா! என்ன இது?"

"நீ ஒப்படைச்சதுதானே?"

"அது மாதிரி!"

"மாதிரின்னு எங்க எழுதியிருக்கே, காட்டு." சுவரிலிருந்து ஒன்பது தாளையும் பிய்த்து நீட்டினாள். மேலே, கீழே, பின்பக்கம் எல்லாம் பார்த்தேன். எங்கேயும் இல்லை. "உன் பேரு. உன் படகு. உன் கையெழுத்து. பொய்யா?"

பொய் என்று சொல்ல வாய் வரவில்லை.

"நல்ல மரம்," என்றார் தோர்கெல். "ஆனா முடிக்கலியே. பாதிப் படகை நான் எங்க வெக்கறது?"

எனக்கு உயிர் வந்தது. "ஆமா தோர்கெல், பாதிதான், பாதிதான்! யாருக்கும் உதவாது."

இல்வா ஏழாம் பக்கத்தைப் புரட்டினாள். "பொருளில் குறை இருந்தால், ஒப்படைத்தவர் தன் சொந்தச் செலவில் முப்பது நாளுக்குள் சரிசெய்து தர வேண்டும். ரொம்பக் கறாரா எழுதியிருக்கே, சிக்ஸ்டன்."

பதினோரு வருஷம் முடியாத படகை இருபத்தாறு நாளில் முடித்தேன். பலகை பலகையாக அறைந்தேன். இல்வா காப்பி கொண்டுவந்து வைப்பாள், பார்ப்பாள், போவாள். ஒவ்வோர் ஆணியும் ஊருக்கு நான் சொல்லிவந்த பதிலில் ஒரு வார்த்தையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே இறங்கியது. கடைசியில் அது அழகாக வந்திருந்தது. அதுதான் தாங்கவில்லை.

ஏப்ரலில், தூறலில், தண்ணீரில் இறக்கினோம். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. விலை கொடுத்து வாங்கிக்கொண்ட தோர்கெல் துடுப்பைப் போட்டுக்கொண்டு, "வாயேன், ஒரு சுத்து!" என்று கூப்பிட்டார். கையை ஆட்டி மறுத்துவிட்டேன். அவர் தீவுப் பக்கம் சிறுத்துப் போவதைக் கரையிலேயே நின்று பார்த்தேன்.

"பாத்தியா," என்றேன். "ஒரு மனுஷனுக்கு முடிக்காத கனவு ஒண்ணு வேணும், இல்வா. நான் அதை ஏன் முடிக்காம வெச்சிருந்தேன்னு உனக்குப் புரியவே இல்ல."

அவள் என் கோட்டுக் காலரை இழுத்துவிட்டாள்.

"ஏன் புரியாம? உனக்கு நீச்சல் தெரியாதுன்னு கல்யாணத்துக்கு முந்தியே உங்க அக்கா சொல்லிட்டா."