அம்சவல்லிக்குத் தெரியக்கூடாது

உலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் தெரியட்டும், அம்சவல்லிக்கு மட்டும் தெரியக்கூடாது. இதுதான் நான் எடுத்த முடிவு. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, ஆறு மா நிலத்தையும் சாட்சி வைத்து, வரப்பில் நின்று எடுத்த முடிவு. பக்கத்தில் நின்று கேட்டது ஒரு நாரை மட்டும்தான்.

அம்சவல்லி என் மனைவி. அவளிடம் எதையும் மறைத்து நான் பிழைத்ததில்லை. பீடிக்கட்டை யூரியா மூட்டைக்குள் ஒளித்து வைத்தால், "மூட்டைக்கு இருமல் வந்திருக்குங்க" என்பாள். சீட்டாடிவிட்டு வந்து, இளையபெருமாள் செத்துப்போய்விட்டார், துக்கத்துக்குப் போயிருந்தேன் என்றால், "செத்தவரு இப்பத்தான் நம்ம வாசல் வழியா சைக்கிள்ல போறாரு" என்பாள். வக்கீலிடமே பொய் சொல்லிச் சமாளித்தவன் நான். இவளிடம் என் பருப்பு வேகாது.

கல்யாணமாகி எட்டு வருடத்தில் ஒரே ஒரு முறைதான் அவளை ஏமாற்றியிருக்கிறேன். அதைச் சொல்கிறேன், பெருமைக்காக இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால், தொண்ணூற்றாறில், அவள் முழுகாமல் இருந்தாள். ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு மயிலாடுதுறைக்கு வரச்சொல்லி ஒரு வியாழக்கிழமை குறித்துக் கொடுத்தார்கள். அதே வியாழக்கிழமை குத்தகைக் கோர்ட்டில் எனக்கு வாய்தா. நாங்கள் உழும் நிலத்தை விட்டு எங்களைக் கிளப்ப நிலத்துக்காரர் சிங்காரவேலு வழக்குப் போட்டிருந்தார். என் அப்பா பண்ணையாளாக இருந்து, கொடி பிடித்து, அடி வாங்கி, குத்தகைதாரர் என்று பதிவேட்டில் பேர் ஏற்றிய நிலம் அது. ஆட்சி இரண்டு முறை மாறிவிட்டது, எங்கள் வழக்கு மட்டும் மாறவில்லை. ஸ்கேன் எங்கே ஓடிவிடப்போகிறது, பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று கோர்ட்டுக்குப் போனேன். அன்றைக்கு அதிகாரி வரவில்லை. தள்ளி வைத்தார்கள்.

மூன்று வாரம் கழித்து ஸ்கேன் எடுத்தபோது டாக்டரம்மா வெகுநேரம் வாயே திறக்கவில்லை. அம்சவல்லியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார். துடிப்பு இல்லை. "முன்னாடியே பார்த்திருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாது" என்றும் சொன்னார். அதை நான் நம்பவில்லை, இன்றுவரைக்கும். திங்கட்கிழமை கொண்டுவந்து சேர்க்கச் சொன்னார்.

அது வெள்ளிக்கிழமை. மறுநாள் எங்கள் வயலில் சம்பா நடவு. வெளியே வந்து, "பிள்ளை தூங்குதாம். திங்கக்கிழமை ஒரு ஊசி போடணுமாம்" என்றேன். பஸ் ஸ்டாண்டில் அரைக் கிலோ அசோகா அல்வா வாங்கிக் கொடுத்தேன். மூன்று நாளும் சிரித்தேன். பாட்டுப் பாடினேன். நாற்றுக்கட்டைத் தூக்கிக்கொண்டு வயலுக்கும் வீட்டுக்கும் ஓடினேன். அவளும் சிரித்தாள். அல்வாவை ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல் தின்றாள். சந்தேகம் வந்தவள் அப்படித் தின்பாளா? திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. என் வாழ்க்கையில் அவளை நான் ஜெயித்த ஒரே ஆட்டம் அது. அப்படி ஒரு ஜெயிப்பு என் எதிரி சிங்காரவேலுவுக்குக்கூட வேண்டாம்.

இப்போது மறுபடியும் ஐந்தாம் மாதம். மறுபடியும் ஸ்கேன். இந்த முறையும் கெட்ட சேதி என்றால் அவள் தாங்கமாட்டாள். ஆகவே ரகசியமாக ஏற்பாடு செய்ய முந்தின நாளே கிளம்பினேன்.

"எங்கங்க போறீங்க?"

"மாயவரத்துக்கு. பம்புசெட்டுக்கு பெல்ட்டு வாங்க."

"நம்மகிட்ட பம்புசெட்டே இல்லையே?"

"வாங்கணும்ல? எதுலேர்ந்தாவது ஆரம்பிக்க வேண்டாமா?"

அவள் பஸ்ஸுக்குச் சில்லறையை எண்ணி என் கையில் வைத்தாள்.

டாக்டரம்மா பெயர் அமிர்தம். போன முறை பார்த்த அதே டாக்டர். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"நாளைக்கு என்னென்ன பார்ப்பீங்க டாக்டரம்மா?"

"தலை அளவு, முதுகெலும்பு, கை, கால், கிட்னி. இதயத்துல நாலு அறையும் சரியா இருக்கான்னு பார்ப்போம். நச்சுக்கொடி எங்க ஒட்டியிருக்கு, பிள்ளையைச் சுத்தித் தண்ணி போதுமான்னு பார்ப்போம்."

"தண்ணி குறைஞ்சுட்டா?"

"என்ன, அதுக்கு மட்டும் குரல் இப்படி நடுங்குது?"

"நாங்க கடைமடைங்க, வாய்க்காலோட கடைசி வயலு. தண்ணின்னாலே அப்படித்தான்."

"பயப்படாதீங்க."

"வலிக்குமாங்க?"

"அவங்களுக்கா?"

"அவ தாங்கிக்குவா. எனக்கு."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "யாருக்கும் வலிக்காது. வயித்துல கூழ் மாதிரி ஒண்ணு தடவுவோம், சில்லுனு இருக்கும். அவ்வளவுதான். அரை மணி ஆகும். சமயத்துல பிள்ளை குப்புறப் படுத்துக்கிட்டு முகத்தைக் காட்டாது, கொஞ்சம் நடந்துட்டு வரச்சொல்லுவோம். நான் பேசாம இருந்தா அளவு எடுக்குறேன்னு அர்த்தம், வேற ஒண்ணும் இல்ல. ஒரு லிட்டர் தண்ணி குடிச்சிட்டு, ஒண்ணுக்குப் போகாம அடக்கிட்டு வரச்சொல்லுங்க. ஆணா பொண்ணான்னு மட்டும் கேக்காதீங்க. போர்டைப் பாருங்க, குத்தம்."

"எதுவா இருந்தாலும் சரிங்க, உசுரோட இருந்தாப் போதும். டாக்டரம்மா, ஒருவேளை கெட்ட சேதின்னா, எங்கிட்ட மட்டும்..."

"போன தடவை அப்படித்தான் செஞ்சேன். அது தப்பு. வயிறு அவங்களோடது. இந்தத் தடவை அவங்ககிட்டதான் முதல்ல சொல்லுவேன்."

முதல் வாசல் அடைபட்டது. அடுத்த வாசல் அக்னஸ். ஸ்கேன் அறையில் உதவிக்கு நிற்கிற பெண். ஃபேன் சுவிட்ச் அவள் முதுகுக்குப் பின்னால்தான்.

"தங்கச்சி, நீ நிக்குற இடத்துலேர்ந்து டாக்டரம்மா முகம் தெரியும்ல? கெட்ட சேதின்னு தெரிஞ்சா உடனே ஃபேனை நிறுத்திடு. டாக்டரம்மா வாயைத் தொறக்குறதுக்குள்ள நான் எதையாவது சொல்லி அவளை வெளில கூட்டிட்டுப் போயிடுவேன்."

"பாவம்ணே நீங்க. சரி, நிறுத்துறேன். மாதா மேல பாரத்தைப் போட்டுட்டுப் போங்க."

வீட்டுக்கு வந்தேன்.

"பெல்ட்டு?"

"சைஸ் கிடைக்கல."

"இல்லாத பம்புசெட்டுக்கு எப்படிங்க சைஸ் கிடைக்கும்?" என்று சொல்லிவிட்டுச் சோறு போட்டாள்.

மறுநாள் காலையில் அவள் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். அவளைத் தனியே விடக்கூடாது என்று நானும் செம்புக்குச் செம்பு குடித்தேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். எங்கள் ஊர் ரோட்டில் பள்ளம் இல்லாத இடம் பாலம், பாலம் இல்லாத இடம் பள்ளம். வழியில் இரண்டு முறை பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினேன். அம்சவல்லியிடம் விவரம் கேட்ட கண்டக்டர், "யாருக்குய்யா ஸ்கேனு?" என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் மூன்றாவது முறை. அவளோ கால்மேல் கால் போட்டு, கல்லணை மாதிரி உட்கார்ந்திருந்தாள். கடைமடைக்காரனுக்குத் தண்ணீரைத் தேக்கி வைத்துப் பழக்கம் ஏது?

பேர் கூப்பிட்டார்கள். உள்ளே போனோம். அவளைப் படுக்கச் சொன்னார்கள். என்னை மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். ஸ்கேன் படம் தெரிகிற டிவி எனக்குப் புறமுதுகு காட்டிக்கொண்டிருந்தது. நான் டிவியைப் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்க்கவில்லை. மேலே ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஓடியது. கிரீச் கிரீச் என்று சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. அந்தச் சத்தம் எனக்குத் தேவாமிர்தமாக இருந்தது.

டாக்டரம்மா பேசவில்லை. அளவு எடுக்கிறார், அளவு எடுக்கிறார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அம்சவல்லி ஏதோ முணுமுணுத்தது கேட்டது. என் காது ஃபேனிடம் இருந்ததால் என்னவென்று விளங்கவில்லை.

ஃபேன் நின்றது.

போட்டு வைத்த திட்டம் எல்லாம் மறந்துபோயிற்று. வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அது என் குரல் என்று எனக்கே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

"நான் அன்னைக்குக் கோர்ட்டுக்குப் போயிருக்கக்கூடாது அம்சு! உன்னைத்தான் கூட்டிட்டு வந்திருக்கணும்! நான்தான் கொன்னுட்டேன்! இப்ப இதுவும் போச்சே!"

"என்னங்க, என்ன ஆச்சு உங்களுக்கு?" என்றாள் அம்சவல்லி, படுத்தபடியே.

"எது போச்சு? யாருக்கு என்ன ஆச்சு?" என்றார் டாக்டரம்மா.

"ஃபேனு... ஃபேனு நின்னுபோச்சே!"

"வயித்துல சில்லுனு தடவிட்டாங்க, குளுருது. நான்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றாள் அம்சவல்லி.

அக்னஸ் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அண்ணே, மறந்தே போயிட்டேனே!"

டாக்டரம்மா என்னையும் அக்னஸையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஏதோ ஒரு குமிழைத் திருகினார். தடக் தடக் தடக் என்று அறை முழுக்கச் சத்தம் கேட்டது. தூரத்து வயலில், எங்களிடம் இல்லாத அந்தப் பம்புசெட்டு ஓடுகிற மாதிரி இருந்தது.

"துடிப்பு நல்லா இருக்கு. எல்லா அளவும் சரி. தண்ணியும் போதுமானது இருக்கு, கடைமடைக்காரரே. எந்திரிச்சு மூஞ்சியைக் கழுவுங்க."

அந்தச் சத்தம் நின்ற பிறகும் நான் அழுதுகொண்டுதான் இருந்தேன். சந்தோஷத்தில் அழுதேன் என்று சொல்ல ஆசைதான். இரண்டு வருடத்துப் பாக்கி அது, நல்ல சேதி வந்துவிட்டது என்பதற்காக நிற்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். அவள் துண்டை எடுத்து என்னிடம் கொடுத்தாள். எங்கள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். ஜன்னலுக்கு நேரே பழைய மிட்டாய்க்கடை.

"அசோகா வாங்கிட்டு வரட்டா அம்சு?"

"இன்னிக்குக் கிண்டினதான்னு கேட்டு வாங்குங்க."

நான் எழுந்திருப்பதற்குள், "இந்த அழுகையைப் போன தடவையே அழுதிருக்கலாம்ல?" என்றாள்.

"உனக்குத் தெரியக்கூடாதுன்னுதான்..."

"எனக்குத் தெரியும்."

"திங்கக்கிழமை நர்ஸ் சொன்னப்புறம்..."

"ஸ்கேன் எடுக்குறதுக்கு முந்துன செவ்வாக்கிழமையே தெரியும். அசைவு நின்னுபோச்சு. என் வயித்துக்குள்ள நடக்குறது எனக்குத் தெரியாதா?"

"ஏன்டி சொல்லல?"

"வாய்க்கால்ல அந்த வாரம்தான் தண்ணி வந்துச்சு. நடவு ஆளுங்களைக் கூட்டிட்டு வர்ற காத்தாயி எல்லாருக்கும் சொல்லி வச்சிருந்தா. சொல்லியிருந்தா நீங்க எல்லாத்தையும் போட்டது போட்டபடி விட்டுட்டு உக்காந்துடுவீங்க. நடவு நின்னா, குத்தகைக்காரன் தரிசு போட்டுட்டான்னு சிங்காரவேலு கோர்ட்டுல சொல்லுவாரு. பிள்ளைதான் போச்சு, மாமா அடிபட்டு வாங்குன நிலமும் போகணுமா?"

டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பினார். அல்வா வாங்க நேரமில்லை.

"அப்ப அந்த மூணு நாளும் என்னைப் பார்த்துச் சிரிச்சியே?"

"அவ்வளவு கஷ்டப்பட்டுப் பாடிக்கிட்டு இருக்கீங்க. சிரிக்காம எப்படி இருக்குறது?"

எனக்குக் கடைசியாக ஒரு சாட்சி பாக்கி இருந்தது. அதையும் கேட்டுவிட்டேன். "அல்வாவை மட்டும் ஒரு துணுக்கு விடாம தின்னியே, அது?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் தின்னேன். அது ஊசிப்போயிருந்துச்சுங்க."