குதிரையிடம் மட்டும் பேசிய கம்பவுண்டர்

காஞ்சிபுரத்தில் கடவுளோடு பேசுகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. குதிரையோடு மட்டுமே பேசுகிறவர் ஊருக்கே ஒருவர்தான். அவர் எங்கள் மாட்டாஸ்பத்திரியின் கம்பவுண்டர். அவருக்கும் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்தது. வருகைப் பதிவேட்டில் தினமும் பார்த்திருக்கிறேன். ஊரில் யாருக்கும் அது தெரியாது. எல்லோருக்கும் அவர் குதிரைக் கம்பவுண்டர். மாட்டுக்கும் ஆட்டுக்கும் டாக்டர் சீட்டில் எழுதியபடி மருந்து கலந்து, வாயைத் திறக்காமல் நீட்டிவிடுவார். குதிரை வந்துவிட்டால் போதும், மனிதருக்கு வாய் முளைத்துவிடும்.

நான் அங்கே குமாஸ்தாவாகச் சேர்ந்தது அறுபதுகளின் கடைசியில். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டார் எல்லோரும் தறியில் உட்கார்ந்தவர்கள். நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பையன் கலெக்டர் ஆபீசுக்குப் போவான் என்று நினைத்திருந்த அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம். "அவ்ளோ படிச்சது மாட்டுக்குத்தானாடா?" என்று ஒரு தடவை கேட்டார்.

"இல்லப்பா, குதிரையும் வருது" என்று ஆறுதல் சொன்னேன்.

நான் சேர்ந்த முதல் நாளே ஒரு குதிரை வந்தது. சின்ன காஞ்சிபுரத்து ஜட்கா வண்டிக்காரர் கோதண்டம், ராணி என்ற தன் பழுப்புக் குதிரையை நடத்திக் கூட்டிவந்தார். டாக்டர் கிராமத்துக்கு முகாம் போயிருந்தார். கம்பவுண்டர் கோதண்டத்தை ஏறிட்டும் பார்க்காமல் நேரே ராணியின் காதருகே போனார்.

"இன்னாமா, நொண்டுற. எத்தினி நாளா?"

ராணி காதை ஆட்டினாள். கோதண்டமும் ராணியைப் பார்த்தே சொன்னார்: "நேத்துலருந்துன்னு சொல்லும்மா."

"நேத்து ஆரம்பிச்சது இப்பிடி வீங்காது. நல்லா யோசிச்சு சொல்லு."

"மூணு நாளாவுதுன்னு சொல்லும்மா." குரல் இறங்கிவிட்டது.

"மூணு நாளும் வண்டி இழுத்துக்கினுதான் இருந்தியா?"

"சவாரி இருந்துச்சேன்னு சொல்லு."

"அப்ப உங்காள செருப்புல ஒரு கல்ல போட்டுக்கினு மூணு நாளு நடக்கச் சொல்லு. இங்க வாய்யான்னா ஓடி வர்றாரான்னு பாப்போம்."

எங்கள் ஊரில் கோர்வைப் புடவை நெய்ய இரண்டு பேர் வேண்டும். உடலுக்கு ஒருவர், கரைக்கு ஒருவர். கம்பவுண்டரின் வைத்தியத்துக்கு மூன்று பேர் வேண்டியிருந்தது. கேட்க அவர், பதில் சொல்ல வண்டிக்காரர், இரண்டுக்கும் நடுவில் தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் வாலை ஆட்டிக்கொண்டிருக்க ஒரு குதிரை.

"சொந்தக்காரரையே கேட்டுடலாமே சார்?" என்று ஒரு நாள் நான் யோசனை சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. கட்டியிருந்த ஒரு சிவப்புக் குதிரையிடம் சொன்னார்: "மனுசன் பொய் சொல்லுவான் நைனா. உன் மூஞ்சிய பாத்துச் சொல்றதுன்னா மட்டும் கொஞ்சம் வெக்கப்படுவான். அத்த இந்தப் புது குமாஸ்தாவுக்கு எடுத்துச் சொல்லு."

எனக்கும் குதிரை மூலமாகத்தான் பதில் வரும் என்பது அப்படித்தான் தெரிந்தது. குதிரை இல்லாத நாட்களில் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த பழைய லாடத்தைப் பார்த்துப் பேசுவார். "நாளைக்கு அர நாள் லீவுன்னு எழுதிக்கச் சொல்லு" என்று லாடத்திடம் சொல்லிவிட்டுப் போவார். நான் எழுதிக்கொள்வேன். கட்டைப் பிரம்மச்சாரி என்பதால் வீட்டில் எப்படிப் பேசுவார் என்று கேட்க வழியில்லை.

பதிவேட்டில் 'உரிமையாளர் கூறிய விவரம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அவர் ஒரு நாளும் உரிமையாளரை எழுத விட்டதில்லை. குதிரையின் பெயரைப் போட்டு, அது சொன்னதாகத்தான் எழுத வேண்டும். தணிக்கைக்கு வந்த அதிகாரி ஒருவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார்: "ராணி, வயது எட்டு. இடது காலில் வலி என்கிறார். லாடம் மாற்றி அடிக்கப்பட்டது."

"இந்தப் பொண்ணு ஏம்பா பெரியாஸ்பத்திரிக்குப் போகல?" என்றார்.

பருவத்துக்குப் பருவம் கம்பவுண்டர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜட்கா ஸ்டாண்டுக்கு ஒரு நடை போவார். காக்கிச் சட்டையின் இடது பையில் வெல்லம் இருக்கும். அதனால் சட்டை முழுக்க எறும்பு இருக்கும். வரிசையாக நிற்கும் ஒவ்வொரு குதிரையிடமும் ரகசியம் சொல்வதுபோல் சொல்வார். சித்திரையில், "ஓடி வந்த சூட்டோட தொட்டில வாய வெச்சு மடமடன்னு குடிக்காத. மூச்சு அடங்கட்டும், கொஞ்சம் கொஞ்சமா குடி. மத்தியானம் தலைல ஈரச் சாக்கு போடச் சொல்லு." ஐப்பசியில், "குளம்புல சேறு தங்க விடாத, அழுகிப்பூடும். பூசணம் புடிச்ச புல்லு குடுத்தா மூஞ்ச திருப்பிக்க." மார்கழியில், "விடியல்ல சும்மா நிக்காத, முதுவுல சாக்கு போத்தச் சொல்லு." குதிரைகள் அவர் பையை முகர்ந்துகொண்டிருக்கும். பின்னால் நிற்கும் வண்டிக்காரர்கள் தலையாட்டுவார்கள்.

இது முறையான வழி அல்ல என்பது படித்தவனான என் கருத்து. மேலிடத்திலிருந்து குதிரை வளர்ப்போருக்கான கோடைக்காலக் குறிப்புகள் இங்கிலீஷில் வந்தபோது, இரண்டு நாள் உட்கார்ந்து தூய தமிழில் எழுதி, ஸ்டாண்டில் போய் நின்று வாசித்தேன். "வெம்மை மிகுந்த காலங்களில் பரிகளுக்கு நிழலுறைவிடம் அமைத்தல் இன்றியமையாததாகும்."

வண்டிக்காரர்களில் மூத்தவரான பாஷா பாய் பீடியை அணைத்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்: "நல்லா இருக்குது தம்பி. எந்தக் கோயில்ல பாடுறது இது?"

கம்பவுண்டர் பாஷா பாயின் குதிரையிடம் போனார். "நெழல்ல நில்லுன்றாரு நைனா. படிச்சவரு, சுத்தி வளைச்சுத்தான் வருவாரு."

அவர் மனிதரிடம் நேராகப் பேசியதே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நான் அறிந்து இரண்டு தடவை பேசியிருக்கிறார். பாஷா பாயின் கிழட்டு வெள்ளைக் குதிரை ஆஸ்பத்திரிக் கொட்டகையில் கண்ணை மூடிய அன்று, எழுந்து வந்து பாயின் தோளில் கை வைத்து, "பாஷா" என்றார். அவ்வளவுதான். பிறகு மாகறலிலிருந்து வந்து குதிரையைப் பறிகொடுத்த ஒரு வண்டிக்காரருக்கும் அதேபோல், பெயர் மட்டும். அன்றிலிருந்து ஸ்டாண்டில் ஒரு பயம் வேர்விட்டது. கம்பவுண்டர் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் உன் குதிரை போய்விட்டது என்று அர்த்தம். அவர் சும்மா திரும்பிப் பார்த்தாலே ஆட்கள் குதிரைக்குப் பின்னால் ஒளிந்தார்கள்.

வைகாசியில் வரதர் கோயில் கருட சேவை வந்தது. அன்று வண்டிக் குதிரைகளுக்கு நிற்க நேரம் இருக்காது. முந்தின நாளே கம்பவுண்டர் ஸ்டாண்டுக்கு வந்து, "நாளைக்கு ஊரே தின்னும். நீ தின்னாத" என்று ராணியிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கருட சேவைக்கு மறுநாள் காலை பத்து மணிக்குக் கோதண்டம் ராணியை இழுத்துக்கொண்டு வந்தார். வேர்வையில் அவள் உடம்பு முழுக்க நனைந்திருந்தது. காலால் மண்ணைப் பறித்தாள். திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தாள். படுத்துப் புரள இடம் தேடினாள். டாக்டர் அன்றும் முகாமில். கோதண்டத்துக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. முசரவாக்கத்தில் இருந்த நிலமும் அண்ணன் தம்பிகளோடு போய்விட்டது. மிச்சம் இருந்தது இவள்தான்.

"இன்னாமா தின்ன?" என்றார் கம்பவுண்டர்.

"எப்பவும்போல கொள்ளும் புல்லும்னு சொல்லும்மா."

கம்பவுண்டர் ராணியின் வாயருகே மூக்கை வைத்தார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். நெய், சுக்கு, மிளகு. காஞ்சிபுரத்தில் பிறந்த யாருக்கும் அந்த வாசனையை அறிமுகப்படுத்த வேண்டாம். மூங்கில் குடலையில் ஊற்றி வேகவைத்து வரதருக்குப் படைக்கிற இட்லி.

"இன்னா தின்ன?" என்று மறுபடி கேட்டார்.

கோதண்டம் ராணியின் பிடரியைத் தடவினார். கண்ணில் நீர் நின்றது. பெருமாள் பிரசாதம் தின்று வயிறு கெட்டது என்று எந்த வாயால் சொல்வார்? சொல்லாவிட்டால் குதிரை போய்விடும், சொன்னால் சாமி குற்றம். என் பேனா கட்டத்தின் மேல் அப்படியே நின்றது.

கம்பவுண்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ராணி, பெருமாள் மேல யாரும் கொற சொல்லல. அவரு மனுசனுக்குன்னுதான் குடுத்தாரு. உனக்கு எடுத்துக் குடுத்தது வேற ஆளு, அதுவும் பாசத்துல. அந்தப் பாசம் எம்மாம் அளவுன்னு தெரிஞ்சாத்தானம்மா நானு மருந்து அளக்க முடியும்."

கோதண்டம் ராணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். "நேத்து நாள் பூரா ஓடுனியே, உன் கால்ல தெம்பு வரட்டும்னு குடுத்தேன்னு சொல்லும்மா. நானு ஒரு துண்டுதான் தின்னேன். மீதி பூரா உனக்குத்தான்னு சொல்லு."

"மீதின்னா?"

"ரெண்டு குடலைன்னு சொல்லும்மா."

கம்பவுண்டர் மருந்து அலமாரியைத் திறந்தார். எண்ணெயில் மருந்து கலந்து மூங்கில் குழாயால் தொண்டையில் விட்டார். படுத்துப் புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும். அதனால் நிற்க விடாமல் நடத்த வேண்டும். ஒரு பக்கம் கோதண்டம் பிடித்துக்கொண்டார். மறுபக்கத்துக்கு ஆள் வேண்டும். கம்பவுண்டர் ராணியிடம் கேட்டார்: "குமாஸ்தாவுக்குக் கை இருக்குதா, இல்ல பேனா மட்டும்தானா?"

பதிவேட்டை மூடிவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன். காம்பவுண்டு வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தோம், கம்பவுண்டர் பின்னாலேயே வந்தார். அவள் தலையில் ஈரச் சாக்கு. பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. சவாரியை விட்டுவிட்டு வண்டிக்காரர்கள் சுவரோரம் வந்து உட்கார்ந்தார்கள். குதிரை லத்தி போட்டுவிட்டால் பிழைத்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஸ்டாண்டு முழுவதும் ஒரு குதிரையின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தது.

இரண்டு மணிக்கு ராணி நின்றுவிட்டாள். தலை தொங்கியது. எவ்வளவு இழுத்தும் நகரவில்லை. கம்பவுண்டர் அவள் விலாவில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு நிமிர்ந்து, தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பி நேராகப் பார்த்தார்.

"கோதண்டம்."

சுவரோரம் பீடிகள் அணைந்தன. பாஷா பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார். கோதண்டம் கயிற்றை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"போய் ஒரு டீ சொல்லுய்யா" என்றார் கம்பவுண்டர். "நாலு மணி நேரமா நடந்துக்கினு இருக்கேன். அவகிட்ட சொல்லி உடலாம்னு பாத்தா, அவ வேலையா இருக்கா."

எல்லோரும் பின்பக்கம் பார்த்தோம். ராணி வேலையாகத்தான் இருந்தாள்.

அன்றைக்கு ஸ்டாண்டு முழுவதற்கும் டீ வந்தது. கோதண்டம் அழுதுகொண்டே ஊற்றிக் கொடுத்தார். கம்பவுண்டர் டம்ளரை வாங்கிக்கொண்டு பழையபடி ராணி பக்கம் திரும்பிவிட்டார். "அடுத்த வருசம் இட்லி வந்தா உங்காளையே பூரா தின்னச் சொல்லு. அவரு வயித்துக்கு வேற ஆஸ்பத்திரி இருக்குது."

அதற்கு அடுத்த ஐப்பசியில் எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. மழைக்குப் பெயர்போன ஒரு மலையடிவார ஊர். கோதண்டம்தான் பெட்டியை ஏற்றிக்கொண்டு ரயிலடிக்கு வண்டி விட்டார். கம்பவுண்டரும் வந்திருந்தார், ராணியின் குளம்பைப் பார்க்க வந்ததாக. நாலு குளம்பையும் பார்த்தார். ஒரு தடவை பார்த்ததையே மறுபடி பார்த்தார். வழியனுப்ப என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடுவாரோ என்று எனக்கு உள்ளூர நடுக்கம்.

அவர் ராணியிடம்தான் பேசினார். "அந்த ஊர்ல மழை ஜாஸ்தியாம். ராவுல ஈரக் காலோட படுக்கக் கூடாதுன்னு சொல்லு. யாரு எது குடுத்தாலும் வாங்கித் தின்னக் கூடாதுன்னு சொல்லு. வேலைல முறைச்சிக்கினு நிக்கக் கூடாதுன்னு சொல்லு."

"சரின்னு சொல்லும்மா" என்றேன் ராணியிடம். ராணி எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. அவர் பை அவள் மூக்குக்கு நேராக இருந்தது.

இங்கே வந்து மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. இன்னமும் காலைத் துடைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். ராணி சொல்லியனுப்பியிருக்கிறாளே.